காசிராஜன் மெத்தைக் கடைக்கு வந்தவர்கள்

ஏலக்காய் மலைக்கு அடிவாரத்தில் இருக்கிற மேலைச்சுனையில், வேதநாயகி செய்து கொடுத்த வலைத்தளங்களைப் பார்க்கிறவர்கள் அந்தந்தக் கடைகளுக்குள்ளேயே வந்து நிற்கத் தொடங்கியது ஒரு வியாழக்கிழமை காலையில், ஜெயசீலனின் பேக்கரியில். தேங்காய் பன் தட்டைக் கண்ணாடிப் பெட்டிக்குள் தள்ளிவிட்டு அவர் நிமிர்ந்தபோது, லுங்கி கட்டிய ஓர் இளைஞன் வாயில் பல் துலக்கும் பிரஷ்ஷோடு எதிரே நின்று பிளம் கேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். என்ன வேணும் தம்பி என்று கேட்டதற்கு அவன் பதில் சொல்லவில்லை; கேக்கைப் பார்த்தான், விலையைப் பார்த்தான், பிரஷ்ஷை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டான், பிறகு தண்ணீரில் போட்ட சர்க்கரை மாதிரி நின்ற இடத்திலேயே கரைந்து போனான். அவன் போன இடத்தில் வெள்ளை உடுப்போடு ஒரு நர்ஸ் வந்து நின்று பப்ஸைப் பார்த்தாள். ஜெயசீலன் கையைத் துடைத்துக்கொண்டு வேதநாயகிக்குப் போன் செய்தார்.

"ஏத்தா வேதா, வெப்சைட்டு போட்டா ஆளுக வருவாகன்னு சொன்னீல்ல."

"ஆமாண்ணே."

"வந்துட்டாக. கடைக்குள்ளயே நிக்கிறாக. ஒருத்தன் பல்லு வெளக்கிக்கிட்டே வந்துட்டுப் போனான், இப்ப ஒரு நர்ஸம்மா நிக்கிறாக. இதுக்குன்னு எதும் சாமான் வாங்கி வைக்கணுமா?"

"ஒண்ணும் வேணாம்ணே. நடக்கிற வழிய மட்டும் கொஞ்சம் விட்டு வைங்க."

அவள் லேப்டாப்பைத் திறந்து பார்த்தாள். அந்தக் காலையில் பேக்கரியின் தளத்தைத் திருப்பூரில் ஒருவரும் மஸ்கட்டில் ஒருவரும் திறந்திருந்தார்கள். கடைக்கு வந்தவர்களும் இரண்டு பேர்தான். இரண்டும் ஒத்துப்போனதால் அதற்குமேல் யோசிக்க அதில் ஒன்றுமில்லை என்று அவள் அடுத்த வேலையைப் பார்க்கப் போனாள்.

வேதநாயகி அப்படிப்பட்டவள். சென்னையில் ஒரு பெரிய கம்பெனியில் வலைத்தளம் வடிவமைக்கிற வேலையில் இருந்தவள். உன் பக்கங்களில் மினுக்கே இல்லையே என்று மேலாளர் சொன்னபோது, கடைக்கு வருகிறவன் என்ன இருக்கு, என்ன விலை, எங்க இருக்கீங்க என்றுதான் கேட்பான், மினுக்கு எங்கே என்று கேட்கமாட்டான் என்று சொல்லிவிட்டு ஊருக்கு வந்து, பஸ் ஸ்டாண்டு மருந்துக்கடைக்கு மேலே ஓர் அறை பிடித்து, 'வலைத்தளம், வலைப்பூ செய்து தரப்படும்' என்று தகரத்தில் எழுதி மாட்டியவள். முதலில் பேக்கரிக்குச் செய்தாள், பிறகு ஏலக்காய் மண்டிக்கு, பிறகு மோட்டார் ரிவைண்டிங் கடைக்கு, பிறகு கல்யாண மண்டபத்துக்கு. எல்லா இடத்திலும் ஆட்கள் வந்து நின்றார்கள்.

ஊர் வாயைப் பிளந்துகொண்டு நிற்கவில்லை. வருகையாளர் என்று வேதநாயகி சொன்ன சொல்லை 'வந்தவுக' என்று தன் வாய்க்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டு, வந்தவுகளை எங்கே நிறுத்துவது, எப்படி நடத்துவது என்று பேச ஆரம்பித்தது. சப்-இன்ஸ்பெக்டர் வந்து, மண்டியில் தராசுக்குப் பக்கத்தில் நைட்டியோடு நின்ற சூரத் அம்மாள் ஒருத்தியிடம் அடையாள அட்டை கேட்டார். அவள் கரைந்து போனதும் எந்தச் சட்டப் பிரிவில் எழுதுவது என்று தெரியாமல் ஒரு டீ குடித்துவிட்டுக் கிளம்பினார். வந்தவர்களுக்கு ஒரு வாய் தண்ணிகூடக் கொடுக்காமல் இருக்கலாமா என்று ஒரு பேச்சு எழுந்து, கடைக்குக் கடை ஒரு டம்ளரில் தண்ணீர் வைத்தார்கள். டம்ளரில் தண்ணீர் குறையவும் இல்லை, வைப்பதை யாரும் நிறுத்தவும் இல்லை. உலகத்தில் பாதிப்பேர் படுக்கையிலும் குளியலறையிலும் இருந்தபடிதான் போன் பார்க்கிறார்கள் என்பது சீக்கிரமே எல்லோருக்கும் தெரிந்துவிட்டதால், வியாபாரிகள் சங்கம் கூடித் தீர்மானம் போட்டு, ஒவ்வொரு தளத்தின் முகப்பிலும் 'அன்புடையீர், சட்டை அணிந்து உள்ளே வரவும்' என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னது. வெளியூர்க்காரர்கள் அதை வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்கள், சிரித்துக்கொண்டே சட்டையை மாட்டினார்கள்.

ஊரைவிட்டுப் போனவர்கள்தான் அதிகம் வந்தார்கள். துபாயிலும் திருப்பூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறவர்களுக்கு ஊர் ஞாபகம் வந்தால் பேக்கரியின் பக்கத்தைத் திறந்து தேங்காய் பன்னைப் பார்த்தார்கள். அவர்களுடைய தாய்மார்கள் அந்த நேரம் தெரிந்து முன்னாலேயே வந்து பெஞ்சில் இடம் பிடித்தார்கள். மஸ்கட்டில் வெல்டிங் வேலை செய்கிற மகன் சாப்பாட்டு இடைவேளையில் வந்து நிற்பான். அவன் இளைத்திருக்கிறானா, சட்டை கசங்கியிருக்கிறதா என்று தாய் சுற்றி வந்து பார்ப்பாள். அவன் தன்னைப் பார்க்கவில்லை என்பதில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. பார்க்கிறவர்களுக்குத் தாங்கள் வந்தது தெரியாது. போனில் சொன்னாலும் யாரும் நம்பவில்லை. அதனால் சொல்வதையும் விட்டுவிட்டார்கள்.

வேதநாயகிக்கு இது பெரிய வசதியாகப் போயிற்று. தான் செய்த பக்கத்தைப் பார்க்கிறவனின் முகத்தைப் பக்கத்தில் நின்று பார்க்கிற யோகம் அந்தத் தொழிலில் வேறு யாருக்குக் கிடைக்கும். எங்கே புருவம் சுருங்குகிறதோ அங்கே எழுத்தைப் பெரிதாக்கினாள், எங்கே கண் அலைகிறதோ அங்கே போன் நம்பரைக் கொண்டுபோய் வைத்தாள். கனமான படங்கள் போட்டால் வருகிறவர்கள் தவணையில் வந்தார்கள்; தலை வந்து, தோள் வந்து, இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லாமல் அந்தரத்தில் நின்றார்கள்; கல்யாண மண்டபத்தில் அப்படி ஒருவரைப் பார்த்து ஒரு கர்ப்பிணிப் பெண் பயந்துவிட்டாள். வேதநாயகி எல்லாப் படங்களையும் சிறிதாக்கினாள். அதற்குப் பிறகு அவளுடைய தளங்களுக்கு எல்லோரும் முழுசாக, கால் விரல் நகம் வரைக்கும் வந்தார்கள். எதைத் தொட்டாலும் சரியாக வரும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது, அப்படியே வந்தது.

காசிராஜன் மட்டும் வேண்டாம் என்றார். மேலைச்சுனையில் இலவம்பஞ்சு மெத்தை என்றால் அவர் கடைதான்; மலையில் இருக்கிற விடுதிகள் எல்லாவற்றிலும் அவர் மெத்தைகள் கிடந்தன. அறுபதைத் தாண்டியும் நிமிர்ந்து நடக்கிற, ஒரு சொல் சொன்னால் அதை மாற்றாத ஆள். அந்தப் பெருமைக்காகத்தான் ஆறு வருஷத்துக்கு முன்னால் தன் ஒரே மகள் மங்கையர்க்கரசி, கூட வேலை பார்த்த எட்வின் என்பவனைக் கட்டிக்கொண்டு வந்து நின்றபோது, உன் கால் இனிமேல் இந்த வாசலில் படக்கூடாது என்று தெருவே கேட்கச் சொன்னார். அவள் படியில் வைத்த காலை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கனடாவில் இருக்கிறாள் என்று மட்டும் யாரோ சொன்னார்கள். அவள் நம்பரை வாங்கக்கூடாது என்று மனைவி சௌந்தரத்திடம் சத்தியம் வாங்கியிருந்தார். சௌந்தரம் அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றினாள், ஆனால் அதற்குப் பிறகு அவரோடு சாப்பிட உட்காரவில்லை.

சௌந்தரம்தான் ஒருநாள் மருந்துக்கடை மாடிக்கு ஏறி வந்தாள்.

"எங்க கடைக்கும் ஒண்ணு போட்டுக் குடு தாயி."

"ஐயா வந்து சொல்லணும்மா. கடை அவரு பேருல இருக்கு."

"அவரு சொல்லமாட்டாக. ஆனா எதுத்த ஃபோம் மெத்தைக் கடையில எந்நேரமும் நாலு பேரு நிக்கிறாக, நம்ம கடை வெறிச்சுன்னு கெடக்கு, அத அவரு கண்ணு பாத்துக்கிட்டுத்தான் இருக்கு. நீ வந்து கேளு. நான் சொன்னேன்னு சொல்லாத."

வேதநாயகி போய்க் கேட்டாள். காசிராஜன் எதிர்க்கடையை ஒருதரம் பார்த்தார். சரி, போடு, ஆனால் கண்டவனும் வந்து கண்டதை எழுதுகிற அந்தப் பெட்டி மட்டும் நம்ம கடையில் இருக்கக்கூடாது என்றார். வலைப்பக்கத்தின் அடியில் கருத்து எழுதுகிற இடத்தைத்தான் அவர் அப்படிச் சொன்னார். அவள் சரி என்று, இலவங்காய் வெடித்து நிற்கிற ஒரு படத்தை முகப்பில் வைத்து, சின்னதாக, சுத்தமாக ஒரு தளம் செய்து கொடுத்தாள்.

மெத்தைக் கடைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் படுத்தபடி வந்தார்கள். முதுகுவலிக்காரர்கள், தூக்கம் வராதவர்கள், புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் எல்லோரும் அடுக்கி வைத்த மெத்தைகள்மேல் ஒருக்களித்துக் கிடந்து விலை பார்த்துவிட்டுப் போனார்கள். காசிராஜன் அவர்களுக்கு நடுவில் மீசையை நீவிக்கொண்டு நடந்தார். எதிர்க்கடைக்காரர் அடிக்கடி எட்டிப் பார்த்தார்.

பிறகு ஒருநாள், வெயில் ஏறி வருகிற நேரத்தில், அங்கே இரவு போலிருக்கிறது, கழுத்துவரைக்கும் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு, முடியைத் தோளோடு வெட்டிக்கொண்டு மங்கை வந்தாள். ஒரு மெத்தையின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, குனிந்து படித்தாள். காசிராஜன் எழுந்து வெளியே போய்த் தெருவைப் பார்த்து நின்றார். அவள் கரைந்த பிறகும் உள்ளே வரவில்லை. நேராக மருந்துக்கடை மாடிக்கு ஏறினார்.

"வந்துட்டா."

"யாரு ஐயா?"

"யாருன்னு உனக்குத் தெரியும். வாசல்ல கால் படக்கூடாதுன்னு நான் சொன்னது ஊருக்கே தெரியும்."

"வாசல் வழியா வரலையே ஐயா. உள்ளதான வந்தாக."

அவர், அவளை மட்டும் வராமல் செய்ய முடியுமா என்று கேட்டார். முடியும் என்றாள் வேதநாயகி. ஒரு நாட்டிலிருந்து யாருமே திறக்க முடியாதபடி தளத்தைச் சாத்திவிடலாம், ஒரு நிமிஷ வேலை. "சொல்லுங்க, இப்பவே செஞ்சிர்றேன்" என்று லேப்டாப்பில் கையை வைத்தாள். காசிராஜன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நாளைக்குச் சொல்கிறேன் என்று இறங்கிப் போனார். நாளைக்கும் சொல்லவில்லை, அதற்கு மறுநாளும் சொல்லவில்லை.

மங்கை தினமும் வந்தாள். சௌந்தரம் அந்த நேரத்துக்குக் காய்கறியும் அரிவாள்மனையுமாகக் கடைக்கே வந்து மகளுக்கு எதிரே உட்கார்ந்து, உனக்குப் பிடிச்ச மொச்சைதான் இன்னைக்கு, ஏன் முடிய வெட்டின, அங்க ரொம்பக் குளிரா என்று பேசிக்கொண்டே நறுக்கினாள். தெருப் பெண்களும் ஆளுக்கொரு வேலையை எடுத்துக்கொண்டு வந்தார்கள். மங்கையின் பள்ளித் தோழிகள் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவளைப் பற்றி அவள் காதிலேயே பேசினார்கள். காசிராஜன் கல்லாவில் உட்கார்ந்து தெருவைப் பார்த்தார். ஆனால் மாதம் ஒன்று போவதற்குள் அவர் மறுபடி மாடி ஏறினார்.

"வர வர சீக்கிரமாப் போயிருது தாயி."

"இருக்கிறதே கொஞ்சம் பக்கம் ஐயா. அத்தனையும் படிச்சு முடிச்சிருப்பாக."

"பக்கத்த நீளமாக்கு."

"நீளமாக்கலாம். அதுல எழுத விஷயம் வேணுமே. ஒரு வலைப்பூ சேத்துக்குவோம். நீங்க சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்."

"எனக்கு மெத்தையத் தவிர என்ன தெரியும்?"

"மெத்தையப் பத்திச் சொல்லுங்க."

அப்படித்தான் காசிராஜன் வலைப்பூ எழுத்தாளர் ஆனார். பங்குனி வெயிலில் இலவங்காய் எப்படி வெடிக்கும், பஞ்சை எப்படி அடித்தால் விதை தனியாகப் போகும், மெத்தையை எந்த மாதம் வெயிலில் போட வேண்டும், எந்தப் பக்கம் தலை வைத்தால் கழுத்து வலிக்காது என்று அவர் கல்லாவில் இருந்தபடி சொல்லச் சொல்ல வேதநாயகி தட்டெழுதினாள். வார்த்தையை அழகுபடுத்தவில்லை, அவர் பேசுகிற மாதிரியே விட்டாள். மங்கை அன்றிலிருந்து நெடுநேரம் இருந்தாள். எங்கே சிரிக்கிறாள், எங்கே நிறுத்தி மறுபடி படிக்கிறாள் என்று காசிராஜன் இப்போது திரும்பி உட்கார்ந்து பார்த்தார். தூத்துக்குடியிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் யார் யாரோ வந்து அதே பதிவைப் படித்தார்கள், சிலர் மெத்தைக்கும் சொல்லிவிட்டார்கள், அவர் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

ஒன்றை மட்டும் கவனித்தார். மங்கையின் இடது கை எப்போதும் மடங்கி, மார்போடு ஒட்டி, லேசாக ஆடிக்கொண்டே இருந்தது. கையில் ஏதோ அடி என்று அவருக்குப் பட்டது. அன்றைக்கே, கை வலி உள்ளவர்கள் பஞ்சுத் திண்டை எப்படிக் கட்டி முட்டுக்கொடுத்துப் படுக்க வேண்டும் என்று விரிவாக ஒரு பதிவு சொன்னார். மங்கை அதைப் படித்துவிட்டுக் குழம்பிப் போய்த் தன் கையைப் பார்த்தாள்.

"கை ஒடிஞ்சவ இப்படி ஆட்டமாட்டா" என்றாள் சௌந்தரம், வெண்டைக்காயிலிருந்து கண்ணை எடுக்காமல். அவரோடு ஆறு வருஷத்தில் அவளாகப் பேசிய முதல் வார்த்தை அது. "புள்ளைக்குப் பால் குடுக்கிறா. புள்ள நம்ம பக்கத்தப் பாக்கல, அதனால வரல. அவ்வளவுதான்."

காசிராஜன் எழுந்து மகள் அருகில் போனார். மடங்கிய கைக்கும் மார்புக்கும் நடுவில் இருந்த வெற்றிடத்தைக் குனிந்து நெடுநேரம் பார்த்தார். விரலை நீட்டினார், அது எதிலும் படாமல் போயிற்று.

அன்றைக்கு அவர் சொன்ன பதிவில் மெத்தை வரவில்லை. மங்கை நாலு வயதில் பஞ்சுக் குவியலுக்குள் தூங்கிப்போய், ஊரே கிணறு கிணறாகத் தேடியதும், சாயங்காலம் அவள் தும்மிக்கொண்டு எழுந்து வந்ததும், அன்றிலிருந்து பஞ்சைக் கையால் துழாவிப் பார்க்காமல் தான் கோணியில் அள்ளுவதில்லை என்பதும் வந்தன. மங்கை அதைப் படித்து அழுதாள். படித்த பிறகும் போகாமல், எதையோ தேடுகிற மாதிரி விரலால் கீழே கீழே தள்ளிக்கொண்டே இருந்தாள்.

வேதநாயகி அந்த விரலைப் பார்த்தாள். அது என்ன தேடுகிறது என்று அவளுக்குத் தெரியும். அவள் தொழிலே அதுதான்.

"ஐயா, அவுக பேச எடம் தேடுறாக. கீழ அந்தப் பெட்டிய வச்சிருவோம்."

"வேணாம்."

"நீங்க இத்தனை நாளாப் பேசுறீங்க. அவுக கேட்டுக்கிட்டே இருக்காக. பதில் சொல்ல வழி வேணாமா?"

"அவ வாரா, படிக்கிறா, நான் பாக்குறேன். இது போதும்."

"உங்களுக்குப் போதும். அவுகளுக்கு?"

"அவ எதாவது கேட்டா நான் என்னன்னு சொல்றது?" காசிராஜனுக்குக் குரல் ஏறிவிட்டது. "சொன்ன வேலையச் செய்யி. இல்லாட்டி மதுரையில ஆயிரம் பேரு இருக்கான்."

"அவுககிட்டயே குடுங்க ஐயா" என்றாள் வேதநாயகி. "பதில் சொல்ல வழியில்லாத வலைப்பூவ இனிமே நான் எழுதித் தரமாட்டேன்."

ஒரு பெட்டிக்காக இவ்வளவு பெரிய ஆளைப் பகைத்துக்கொள்கிறாயே என்று ஜெயசீலன் வந்து சொன்னார். பகை ஒன்றுமில்லை அண்ணே, அவர் வருவார் என்று சொல்லிவிட்டு அவள் ஒரு பல் மருத்துவமனையின் பக்கத்தைச் செய்ய உட்கார்ந்தாள்.

மதுரைக் கம்பெனி தளத்தையே புதிதாகச் செய்தது. மெத்தைகள் பறந்தன, சுழன்றன, பின்னணியில் வீணை ஒலித்தது. பழைய வலைப்பூவைத் தேவையில்லை என்று எடுத்துவிட்டார்கள். முன்னைவிட நிறையப் பேர் பார்க்கிறார்கள் என்று போனில் சொன்னார்கள். ஆனால் கடைக்குள் ஒருவர்கூட வரவில்லை. மெத்தைகள் வெறுமனே அடுக்கியபடி இருந்தன. வரவேண்டிய நேரத்தில் மங்கை வரவில்லை, மறுநாள் வரவில்லை, அந்த வாரம் முழுக்க வரவில்லை. சௌந்தரம் அரிவாள்மனையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். தெருப் பெண்கள் கடைக்கு எதிரே வந்து நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். அவர்கள் ஒன்றும் சொல்லாமல் போனதுதான் காசிராஜனுக்குத் தாங்கவில்லை.

அவர் மாடி ஏறி வந்தபோது மூச்சு வாங்கியது. உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை.

"பெட்டிய வையி தாயி" என்றார்.

வேதநாயகி பழைய தளத்தை அப்படியே எடுத்து வைத்திருந்தாள். மத்தியானத்துக்குள் இலவங்காய் படமும் வலைப்பூவும் திரும்பி வந்தன, அடியில் வெள்ளையாக ஒரு பெட்டியும் இருந்தது. சாயங்காலத்துக்குள் முதுகுவலிக்காரர்களும் தூக்கம் வராதவர்களும் வந்து படுத்துவிட்டார்கள். மங்கை வரவில்லை. அப்பா வேண்டுமென்றே எல்லாவற்றையும் அழித்துவிட்டார் என்று அவள் நினைத்திருப்பாள். மறுபடி திறந்து பார்க்க அவளுக்கு என்ன காரணம் இருக்கிறது. அவள் நம்பர் யாரிடமும் இல்லை.

"அவ்வளவுதானா?" என்று கேட்டார் காசிராஜன்.

"இல்ல ஐயா. ஊர்ல முக்காவாசிக் கடை எங்கிட்டத்தான் இருக்கு" என்றாள் வேதநாயகி. கோபம் இருக்கும், ஆனாலும் ஊர் ஞாபகம் வராமல் போகாது, மெத்தைக் கடையைத் திறக்காவிட்டாலும் வேறொரு கடையைத் திறப்பாள் என்று அவளுக்கு உறுதியாகத் தெரிந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு கடை கடையாகப் போய்க் கேட்டாள். மண்டிக்காரர் சரி என்றார், ரிவைண்டிங் கடைக்காரர் இதையெல்லாமா கேட்பாய் என்றார், பல் டாக்டர் பெரிய எழுத்தில் போடச் சொன்னார், எதிர்க்கடை ஃபோம் மெத்தைக்காரர் கொஞ்சநேரம் யோசித்துவிட்டு என் கடையிலும் போட்டுக்கொள் என்றார். இருட்டுவதற்குள் மேலைச்சுனையில் அவள் செய்த எல்லாத் தளங்களின் முகப்பிலும் ஒரே வரி ஏறியிருந்தது: 'காசிராஜன் மெத்தைக் கடை திறந்திருக்கிறது. மங்கை வரவும்.'

வலைப்பூவில் என்ன எழுத என்று வேதநாயகி கேட்டாள். அவரே எழுதுவதாகச் சொன்னார். ஒற்றை விரலால், எழுத்து எழுத்தாகத் தேடி, ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து இவ்வளவுதான் எழுதினார்: மங்கை, அன்றைக்கு நான் சொன்னது தப்பு. அதைத் தெருவே கேட்கச் சொன்னேன், அதனால் இதையும் எல்லாரும் பார்க்க எழுதுகிறேன். கீழே பெட்டி இருக்கிறது.

சில நாள் ஒன்றும் நடக்கவில்லை. வியாபாரம் நடந்தது, மெத்தைகள் மலைக்கு ஏறின, காசிராஜன் கல்லாவை விட்டு வேறு எங்கும் போகவில்லை, சாப்பாட்டையும் அங்கேயே வைத்துத் தின்றார். பிறகு ஒரு காலையில் ஜெயசீலன் கையெல்லாம் மாவோடு தெருவில் ஓடிவந்தார். "வந்துச்சு, நம்ம கடைக்குத்தான் வந்துச்சு, பன்னு பாத்துச்சு, அந்த வரியப் படிச்சுச்சு, அப்படியே போயிருச்சு" என்று சொல்லி முடிப்பதற்குள் மெத்தையின்மேல் மங்கை உட்கார்ந்திருந்தாள். யாரோ ஓடிப்போய்ச் சௌந்தரத்தைக் கூட்டிவந்தார்கள். வேதநாயகி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து கல்லாமேல் வைத்தாள். கடை நிறைந்து, படி நிறைந்து, தெருவிலும் ஆட்கள் நின்றார்கள்.

மங்கை படித்தாள். திரும்ப மேலே போய் மறுபடி படித்தாள். பிறகு அவளுடைய இரண்டு கட்டைவிரல்களும் அசையத் தொடங்கின. நிறுத்தினாள், அழித்தாள் போலிருக்கிறது, மறுபடி அசைந்தன. வேதநாயகி திரையைத் தான் பார்க்காமல் காசிராஜன் பக்கம் திருப்பி வைத்தாள். பெட்டியில் எழுத்து வந்ததும் அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தெருவே கேட்கும்படி சத்தமாக வாசித்தார்.

"அப்பா, படித்தேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். என்னை மட்டும் வரச் சொல்கிறீர்களா, எங்கள் மூன்று பேரையுமா?"

சௌந்தரம் அவர் முகத்தைப் பார்த்தாள். இதற்குத்தான் அவர் இத்தனை நாள் பயந்தார் என்பது அப்போது எல்லோருக்கும் புரிந்தது. மங்கை மெத்தையில் அசையாமல், உதட்டைக் கடித்துக்கொண்டு, பக்கத்தை மூடாமல் காத்திருந்தாள். வேதநாயகி உதவிக்குக் கையை நீட்டினாள்; அவர் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு ஒற்றை விரலை நீட்டி மூ-வைத் தேடினார். அது கிடைக்கச் சற்று நேரமாயிற்று. மூணு பேரும், என்று அடித்தார். அது போதாது என்று பட்டிருக்க வேண்டும். எட்வின் மாப்பிள்ளைக்கு நம்ம ஊர்ச் சாப்பாட்டில் என்ன பிடிக்கும், என்று சேர்த்து அடித்து அனுப்பினார்.

மங்கை அதைப் படித்தாள். முகத்தைத் திருப்பி, யாரையோ கூப்பிட்டாள். வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது. கையில் இருந்ததை, யார் கண்ணுக்கும் தெரியாத அந்தப் போனை, கொஞ்சம் தாழ்த்திப் பிடித்தாள். அப்போது மடங்கிய அவள் இடது கைக்குள், முதலில் இரண்டு கண்ணாக, பிறகு வழுக்கைத் தலையாக, பிறகு பிசைகிற கையாக, ஒரு குழந்தை வந்தது. அவள் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தபடி, தூக்கத்தில் எழுந்த முகத்தோடு, கம்பளிக் குல்லாய் போட்ட உயரமான ஒருவன் வந்தான். மூன்று பேரும் காசிராஜனின் எழுத்தைப் பார்த்துக்கொண்டு அவர் மெத்தையின்மேல் இருந்தார்கள். மொச்சைக் குழம்பு என்று பதில் வந்ததும் தெருப் பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள்.

அவர்கள் விமானம் ஏறி நேரில் வந்தது தை மாதத்தில். கார் வந்து நின்றதையோ, பெட்டிகள் இறங்கியதையோ கடையில் யாரும் கவனிக்கவில்லை, வாடிக்கையாளர் கூட்டம். படியேறி உள்ளே வந்தபோதும், வந்தவுக என்று நினைத்து ஒரு விடுதிக்காரர் எட்வினுக்குள்ளேயே நடந்து போகப் பார்த்து, அவன் மார்பில் முட்டி, மன்னிப்புக் கேட்டார். காசிராஜன் தலையணை உறைக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். தினமும் பார்க்கிற முகம்தான், அதனால் முதலில் சிரித்தார், அவ்வளவுதான். மங்கை பிரயாண அலுப்பில், அப்பா என்று சொல்லிக்கொண்டே, குழந்தையோடு பக்கத்தில் இருந்த மெத்தைமேல் உட்கார்ந்தாள். இத்தனை காலமும் எந்தெந்த நாட்டிலிருந்தோ எத்தனையோ பேர் அந்த மெத்தைகளில் உட்கார்ந்து, படுத்து, புரண்டு போயிருந்தார்கள். ஒன்றில்கூட ஒரு குழி விழுந்ததில்லை. மங்கை உட்கார்ந்த இடத்தில் பஞ்சு மெதுவாக மூச்சு விட்டு, அமுங்கியது.